டிராம்பேயின் புகையும் காராபுரியின் கல்லும்: தேதியில்லாத சேதம் குறித்து

மும்பைத் துறைமுகத்தின் நடுவே உள்ள காராபுரித் தீவை எலிஃபண்டா என்று போர்த்துகீசியர் இட்ட பெயரால்தான் உலகம் அறியும். தீவின் பெரிய குடைவரையும் அதனுள் இருக்கும் மும்முகச் சதாசிவனும் பொ.ஆ. 5, 6ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்பது பெரும்பாலான கலை வரலாற்றறிஞர்களின் கணிப்பு. தீவுக்கு வடக்கே, சில கிலோமீட்டர் நீர்ப்பரப்புக்கு அப்பால், சுமார் 300 மீட்டர் உயரமுள்ள டிராம்பே மலை நிற்கிறது. அம்மலையைச் சுற்றி இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் ஓர் அனல்மின் நிலையமும் ஓர் உர ஆலையும் அணு ஆராய்ச்சி மையமும் உள்ளன. இவை எல்லாம் 1954க்கும் 1965க்கும் இடையில் இயங்கத் தொடங்கியவை. காராபுரிக் குடைவரைகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது 1987இல். ஆக, அந்தக் கல் உலகச் சொத்து என்று அறிவிக்கப்படுவதற்கு முன்பே முப்பது ஆண்டுகளுக்கு மேல் டிராம்பேயின் காற்றில் நின்றிருக்கிறது. 1987க்குப் பிறகு யார் எந்தக் கருவியைக் கொண்டு அளந்தாலும், அவர் அளப்பது ஏற்கெனவே புகையில் நின்ற கல்லையே.

தொழிற்சாலைப் புகை தொல்லியல் சின்னங்களைக் கெடுக்கிறதா என்ற விவாதம் எங்கே எழுந்தாலும் இந்த இடத்தில்தான் வந்து முட்டுகிறது. கெடுவதற்கு முன் கல் எப்படி இருந்தது? அதை யார் அளந்து வைத்தார்? எந்தத் தேதியில்? ஆஸ்திரேலியாவின் முருஜுகாவில் இன்று நடந்துவரும் வழக்கு இதுதான். மகாராஷ்டிரத்தின் பார்சுப் பீடபூமியில் நாளை எழக்கூடிய வழக்கும் இதுதான். டிராம்பேயில் இந்த வழக்கு எழவே இல்லை. எழாமல் போனதன் காரணங்களை அறிந்துகொண்டால் மற்ற இரண்டையும் புரிந்துகொள்வது எளிது.

டிராம்பே என்பது மராத்தியில் துர்பே. முன்பு தனித் தீவாகக் கடலில் நீண்டு கிடந்த நிலம் அது. அதன் மலை முகட்டைத் துறைமுகத்துக்குள் நுழையும் ஆங்கிலேய மாலுமிகள் மாட்டு நாக்கு என்ற பொருள்படும் பெயரால் அழைத்தனர். டிராம்பே, மாகுல் கரைகளில் கோளி மீனவர் குடியிருப்புகள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. மும்பைத் தீவுகளின் தொல்குடிகள் என்று வரலாறு அறிந்தவர்கள் அவர்களே. 1950களில் இக்கரை தொழில்நிலமானது. ஸ்டான்வாக் நிறுவனத்தின் ஆலை 1954இலும் பர்மா ஷெல் ஆலை 1955இலும் மாகுலில் தொடங்கின. பின்னாளில் இவை அரசுடைமையாகி முறையே இந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் ஆயின. டாட்டாவின் அனல்மின் நிலையம் 1956இல் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் ஆசியாவின் முதல் அணு உலைகளுள் ஒன்றான அப்சரா டிராம்பேயில் இயங்கத் தொடங்கியது. அந்த இடத்தைத் தேர்ந்தவர் ஹோமி பாபா. ஓவியம் தீட்டத் தெரிந்தவர், கலைப் பொருள்களைத் தேடிச் சேகரித்தவர். அவருடைய நிறுவனத்தின் கரையிலிருந்து பார்த்தால் எதிரே தெரிவது காராபுரி. 1965இல் உர ஆலை வந்தது. இந்தியா முழுதும் உழவர் அறிந்த ‘சுஃபலா’ உரம் அங்கே தயாராவது. அமோனியாவும் நைட்ரிக் அமிலமும் அவ்வாலையின் அன்றாட உற்பத்திப் பொருள்கள்.

காராபுரியின் ராஜ்பந்தர், சேத்பந்தர், மோராபந்தர் என்னும் மூன்று ஊர்களுக்கு முறையான மின் இணைப்பு 2018 பிப்ரவரியில்தான் கிடைத்தது. அதற்காகக் கடலுக்கடியில் ஏழரைக் கிலோமீட்டர் மின்கம்பி பதிக்கப்பட்டது. அதுவரை டீசல் மின்னாக்கி தந்த சில மணி நேர வெளிச்சமே அவர்களுக்கு. எதிர்க்கரையில் 1956 முதல் மின்சாரம் உற்பத்தியாகிக்கொண்டிருந்தது. மின்சாரம் வந்துசேர்வதற்கு அறுபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அதன் புகை தீவுக்கு வந்துவிட்டது என்று சொன்னால் அது மிகையாகாது. குளிர்கால மாதங்களில் மும்பையில் வடக்கிலிருந்து காற்று வீசும்போது டிராம்பேயின் தெற்கே இருப்பது காராபுரி.

காராபுரியைத் தொல்குடிப் பாறைக் கலை என்று வகைப்படுத்த முடியாது; அரச ஆதரவில் எழுந்த கோயிற் கலை அது. பாறைக் கலை என்று தொல்லியலார் சொல்வது வரலாற்றுக்கு முந்தைய மக்கள் பாறைமேல் தீட்டிய ஓவியங்களையும் கீறியும் கொத்தியும் அமைத்த உருவங்களையும். தமிழகத்தில் கீழ்வாலையின் செங்காவி ஓவியங்களும் திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கலின் பாறைக் கீறல்களும் அவ்வகையின. ஆனால், காற்றில் வரும் அமிலம் இந்த வகைப்பாட்டைப் படிப்பதில்லை. அது எந்தக் கல்லைத் தொடுகிறது, அக்கல்லில் என்ன கனிமம் இருக்கிறது என்பதே வேறுபாட்டை உண்டாக்கும்.

எரிபொருளிலுள்ள கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்சைடாகவும், உயர் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜன் அதன் ஆக்சைடுகளாகவும் வெளியேறுகின்றன. ஈரத்தோடு சேர்ந்து இவை கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் ஆகின்றன. சலவைக்கல் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. கந்தக அமிலம் பட்டால் ஜிப்சமாக மாறிப் பொருக்குத் தட்டும். இம்மாற்றம் விரைவானது, கண்ணுக்குத் தெரிவது. காராபுரியின் பசால்ட் சிலிக்கேட்டுகளால் ஆன எரிமலைக் கல். அது அமிலத்துக்கு அவ்வளவு எளிதில் இளகாது. கடலின் உப்பும் பருவமழைக் கசிவும் பாசியும் அதை எப்படியும் அரித்துக்கொண்டிருக்கின்றன. அந்த அரிப்பில் புகையின் பங்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்வது, புகை இல்லாத நாளின் அளவு கையில் இருந்தால் மட்டுமே இயலும். பசால்ட்டின் உறுதியே இங்கே அதற்குப் பகையானது. சலவைக்கல்லைப் போல அது மஞ்சளாகிக் காட்டவில்லை.

சலவைக்கல்லின் கதையை இங்கே சொல்ல வேண்டும். ஆக்ராவுக்குச் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் மதுராவில் சுத்திகரிப்பு ஆலை ஒன்று அமைக்க 1970களில் இந்திய அரசு முடிவு செய்தபோது தாஜ்மகாலுக்கு ஊறு நேரும் என்ற அச்சம் எழுந்தது. எஸ். வரதராஜன் தலைமையில் வல்லுநர் குழு அமைக்கப்பட்டது. 1978இல் அது தந்த அறிக்கையின் பயன் ஆலையைத் தடுத்ததில் இல்லை. ஆலை 1982இல் இயங்கத்தான் செய்தது. ஆலை எழுவதற்கு முன்பே ஆக்ராவின் காற்றில் கந்தக டை ஆக்சைடு எவ்வளவு, அது எங்கிருந்து வருகிறது என்று அளந்து எழுதிவைத்ததில்தான் அதன் பயன் இருக்கிறது. நகரின் அனல்மின் நிலையங்கள், ரயில்வே நிலக்கரி எஞ்சின்கள், வார்ப்பு ஆலைகள் ஆகியவையே அன்றைய மாசுக்குக் காரணம் என்று அந்த அளவீடு காட்டியது. எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம், 292 ஆலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் அல்லது இடம்பெயர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு நின்றது அந்தப் பழைய அறிக்கையின் தோள்மேல். மேலும், தாஜ்மகாலைச் சூழ்ந்த 10,400 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பின் காற்று முழுதும் அந்தச் சின்னத்தின் பகுதியாகக் கருதப்பட்டது.

இந்தியத் தொல்லியல் சட்டத்தில் இதற்கு நிகரான ஏற்பாடு கிடையாது. 1958ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் பாதுகாப்பை மீட்டரில் கணக்கிடுகின்றன: சின்னத்திலிருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. வீடு கட்டுவதையும் கல் வெட்டுவதையும் தடுக்க இந்த அளவு போதும். காராபுரிக்கு இன்னும் சற்றுத் தாராளமாக, 1985ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை தடை உண்டு. சுத்திகரிப்பு ஆலையின் உயர்ந்த புகைபோக்கியோ, மாசை அருகில் இறக்காமல் தொலைவுக்கு அனுப்ப வேண்டும் என்பதற்காகவே உயர்த்தப்படுவது. மீட்டரில் எல்லை போடும் சட்டத்தையும் கிலோமீட்டரில் பயணம் செய்யும் புகையையும் நேருக்கு நேர் நிறுத்தினால் சட்டம் எதையும் பார்க்காது. காராபுரிக்கு அருகில் ஜவாஹர் தீவு என்னும் எண்ணெய் முனையம் வேறு இருக்கிறது. பழைய பெயர் புச்சர் தீவு. 2017 அக்டோபரில் மின்னல் தாக்கி அங்கிருந்த டீசல் தொட்டி ஒன்று நாள்கணக்கில் எரிந்தது. அந்தக் கரும்புகையும் எந்தத் தடையெல்லையையும் மீறியதாகச் சட்டப்படி கொள்ள முடியாது.

டிராம்பேயில் புகையை அளக்கும் கருவியாக இருந்தவை மனித நுரையீரல்களே. மாகுல், அம்பாபாடா ஊர்களின் கோளி மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடினர். மும்பை கே.ஈ.எம். மருத்துவமனை அங்கே நடத்திய ஆய்வு மூச்சுத்திணறலையும் கண்ணெரிச்சலையும் பதிவு செய்திருந்தது. அந்த ஊர்களின் காற்றால் மக்கள் உடல்நலத்துக்கு ஆபத்து உண்டு என்று 2015 டிசம்பரில் தீர்ப்பாயம் ஏற்றது. 2020 ஆகஸ்டில் இழப்பீட்டுத் தொகை விதிக்கப்பட்டது: ஏஜிஸ் நிறுவனத்துக்கு 142 கோடி ரூபாய், இந்துஸ்தான் பெட்ரோலியத்துக்கு 76.5 கோடி, பாரத் பெட்ரோலியத்துக்கு 67.5 கோடி, சீலார்டு நிறுவனத்துக்கு 20 இலட்சம். யார் எவ்வளவு மாசு வெளியிட்டார் என்று பங்கு பிரித்துக் கணக்கிட முடியும் என்பதற்கு இத்தீர்ப்பே சான்று. மக்களுக்காக அது செய்யப்பட ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுகள் ஆயின. கல்லுக்காக யாரும் கேட்கவில்லை. கல்லுக்கு மூச்சுத் திணறாது.

இந்த மக்களுள் தமிழரும் அடங்குவர் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நினைவூட்டலாம். அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியை, அவசரநிலைக் காலத்தில் 1976 மே மாதம் ஒரே மூச்சில் அகற்றி, சுமார் 70,000 பேரைச் சீத்தா கேம்புக்குக் கொண்டுபோய்க் குடியமர்த்தினர். அவர்களுள் கணிசமானோர் தமிழர். அவர்களை அணிதிரட்டியவர் கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம். வெளியேற்றத்துக்கு முன் ஜனதா காலனியினர் தங்கள் வீடுகளையும் ஆண்டுகளையும் சான்றுகளோடு முன்வைத்தே வழக்காடினர். பதிவு இருந்தும் தோற்ற வழக்கு அது. பதிவு ஒன்று மட்டுமே காப்பாற்றிவிடும் என்று எவரும் மயங்க வேண்டியதில்லை; பதிவு இல்லாவிட்டால் வழக்கே இல்லை என்பதுதான் செய்தி.

இனி முருஜுகா. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராக் கடற்கரையில் உள்ள இந்தத் தீபகற்பத்திலும் அதை ஒட்டிய டாம்பியர் தீவுக்கூட்டத்திலும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பாறைக் கீறல்கள் இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. அங்கு மக்கள் வாழ்ந்த வரலாறு சுமார் 50,000 ஆண்டுத் தொன்மை கொண்டது. கடல் மட்டம் உயர்வதற்கு முன்னர் உள்நாட்டு மலையாக இருந்த காலத்து விலங்குகளும், கடல் வந்தபின் மீன்களும் ஆமைகளும் அதே பாறைகளில் அடுத்தடுத்து இடம்பெற்றிருக்கின்றன. மனித முகமும் உண்டு. இன்று அந்நிலத்தில் இல்லாத விலங்குகளின் உருவங்களும் உண்டு. அந்நிலத்துக்குரிய யாபுராரா மக்கள் 1868இல் நடந்த ஃப்ளையிங் ஃபோம் படுகொலையில் பெருமளவு அழிக்கப்பட்டனர். அண்டையிலிருந்த ஙார்லுமா, யின்ஜிபார்ண்டி முதலிய குடிகள் அவர்கள் விட்டுச்சென்ற பொறுப்பை ஏற்றுக் காத்துவருகின்றனர். அவர்களுக்கு அந்தப் பாறைகள் அருங்காட்சியகப் பொருள்கள் அல்ல; மூத்தோர் சொல்லிவைத்த சட்டம்.

முருஜுகாவின் கீறல்கள் அமைந்த முறையைத் தெரிந்துகொண்டால் அவற்றின் ஆபத்தும் விளங்கும். அந்தப் பாறைகளின் மேல் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளாலான செம்பழுப்பு நிறப் படலம் ஒன்று படிந்திருக்கிறது. பாறைத்தோல் என்று அதைச் சொல்லலாம். ஆயிரம் ஆண்டுகளில் சில மைக்ரான் அளவே வளரக்கூடிய மெல்லிய படலம். கல்லால் கொத்தி அந்தத் தோலை நீக்கினால் உள்ளே வெளிறிய கல் தெரியும். இருண்ட தோலுக்கும் வெளிறிய கல்லுக்கும் உள்ள வேறுபாடே உருவம். அந்தப் பாறைகள் ஆயிரம் ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர்கூடத் தேய்வதில்லை என்று அளந்திருக்கிறார்கள். உலகிலேயே மிக மெதுவாகத் தேயும் பரப்புகளுள் அவை அடங்கும். ஆனால், மாங்கனீசு ஆக்சைடும் இரும்பு ஆக்சைடும் அமிலத்தில் கரையக்கூடியவை. தோல் கரைந்தால் கல் அப்படியே இருக்கும், உருவம் மட்டும் போய்விடும். இடிந்து விழுவது எதுவுமில்லாமல், உடைந்த துண்டு என்று கையில் எடுத்துக் காட்டச் சான்றில்லாமல் நடக்கக்கூடிய அழிவு இது.

1960களில் அங்கே இரும்புத்தாதுத் துறைமுகம் வந்தது. 1984இல் இயற்கை எரிவாயு ஆலை வந்தது. பின்னர் யாரா நிறுவனத்தின் அமோனியா ஆலையும் அம்மோனியம் நைட்ரேட் ஆலையும் வந்தன. எரிவாயு ஆலை கட்டும்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட செதுக்கப்பட்ட பாறைகளைப் பெயர்த்து வேலியிட்ட வளாகம் ஒன்றில் குவித்துவைத்தனர். அவை 2014வரை அங்கேயே கிடந்தன. எரிபொருள் ஆலை, உர ஆலை, துறைமுகம், எதிரே பழங்கல் என்று இந்த வரிசையைப் படிக்கும்போது டிராம்பேயை அறிந்தவர்களுக்குப் புதிதாக ஏதும் இராது.

பாறைகளின் நிறத்தை ஆண்டுதோறும் அளக்கும் பணி 2004இல் தொடங்கியது. எரிவாயு ஆலை தொடங்கி அப்போது இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. தொலைவிலுள்ள ஒப்பீட்டு இடங்களும் தேர்ந்தெடுக்கப்பட்டன. மாற்றம் இல்லை என்று சொன்ன அந்த அளவீடுகளின் கருவிப் பிழைகளையும் புள்ளியியல் முறையையும் பிற்பாடு வேறு அறிஞர்கள் கடுமையாக விமர்சித்தனர். அதன்பின் கர்ட்டின் பல்கலைக்கழகம் வழியாகப் புதிய கண்காணிப்புத் திட்டம் வந்தது. அதன் அறிக்கை 2025 மே மாதம் வெளியானபோது, ஆலைகளுக்கு அருகிலுள்ள பாறைகளில் நுண்துளைகள் அதிகரித்திருப்பது தெரிந்தது. சேதம் உண்டு என்பது ஏற்கப்பட்டது. ஆனால், அதற்குக் காரணம் 1970, 80களில் இயங்கிய பழைய டாம்பியர் மின்நிலையமாக இருக்கலாம் என்று மாநில அரசு விளக்கம் தந்தது. பெஞ்சமின் ஸ்மித் போன்ற பாறைக் கலை அறிஞர்கள் இதை மறுத்து, இன்றைய ஆலைகளின் வெளியேற்றமே பெரிது என்றனர். எது சரி என்பதை 1960இல் ஒருவர் பாறையை அளந்து வைத்திருந்தால் ஒரே வாரத்தில் தீர்த்திருக்கலாம். அளக்காததால், எப்போதோ மூடிய புகைபோக்கி ஒன்று இன்றைய புகைபோக்கிகளுக்குச் சாட்சியாகிவிட்டது. தாமதமாகத் தொடங்கும் எந்தக் கண்காணிப்பும் தொழில் நிறுவனங்களுக்குத் தரும் பரிசு இது. மாற்றம் தெரியாவிட்டால் சேதம் இல்லை. தெரிந்தால் அது பழையது.

அதே 2025இல் யுனெஸ்கோவின் ஆலோசனை அமைப்பான ஐக்கோமாஸ், மாசு வெளியேற்றம் நீங்கும்வரை விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பலாம் என்று பரிந்துரைத்தது. எனினும், ஜூலை 11 அன்று முருஜுகா உலகப் பாரம்பரியச் சின்னமானது. செப்டம்பரில் அதே தீபகற்பத்தின் எரிவாயு ஆலை 2070வரை இயங்க ஆஸ்திரேலிய அரசு நிபந்தனைகளோடு இறுதி ஒப்புதல் வழங்கியது. இரண்டு முடிவுகளுக்கும் இடையில் மூன்று மாதங்கள்கூட இல்லை. அங்கீகாரமும் அனுமதியும் ஒரே அரசின் இரு கைகளால் தரப்பட்டன. உலகப் பட்டியலில் இடம்பெறுவதே பாதுகாப்பு என்று எண்ணும் பழக்கம் இந்தியப் பல்கலைக்கழகங்களிலும் இருக்கிறது. காராபுரி 1987 முதல் பட்டியலில் இருக்கிறது. டிராம்பேயின் ஒரு புகைபோக்கியும் அதற்காகத் தாழவில்லை.

இந்தியாவில் இந்த விவாதம் உண்மையில் நடக்க வேண்டிய இடம் கொங்கணக் கடற்கரை. ரத்னகிரி, சிந்துதுர்க் மாவட்டங்களின் செம்புறைக்கல் பீடபூமிகளில், தரையோடு தரையாகச் செதுக்கிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட உருவங்கள் அண்மை ஆண்டுகளில் ஆவணப்படுத்தப்பட்டிருக்கின்றன. கேரளத்தில் வீடு கட்ட வெட்டி எடுக்கும் வெட்டுக்கல்லின் இனம்தான் அந்தத் தரை. மராத்தியில் இவற்றைக் காதள் சில்பம் என்கின்றனர். கஷேலியில் உள்ள யானை உருவம் சுமார் 18 மீட்டர் நீளமும் 13 மீட்டர் அகலமும் கொண்டது; அதன் உடலுக்குள்ளேயே பல சிறு விலங்குகள் செதுக்கப்பட்டுள்ளன. இன்று கொங்கணத்தில் இல்லாத காண்டாமிருகம் உண்டு, சுறாவும் திருக்கையும் உண்டு. பயிர்த் தொழிலின் அடையாளம் ஏதும் இல்லை. இதனால் வேட்டைச் சமூகங்கள் செதுக்கியவை என்று கருதுகின்றனர். காலம் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்தியது என்ற கருத்து வலுவானதாயினும் நேரடிக் காலக்கணிப்பு எளிதன்று. மேய்ச்சலுக்குப் போனவர்களும் கிராமத்து முதியோரும் காட்டிய வழியில் நடந்து இவற்றைத் தேடித் தொகுத்தவர்கள் முதலில் ரத்னகிரியின் ஆர்வலர்கள். மாநிலத் தொல்லியல் துறை பின்னர் இணைந்தது. 2022இல் மகாராஷ்டிரத்தின் எட்டு இடங்களும் கோவாவின் ஃபன்சாய்மாளும் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அந்த எட்டில் ஒன்று பார்சு. அங்கே இரு புலிகளுக்கு நடுவே மனிதன் ஒருவன் நிற்கிறான். சிந்துவெளி முத்திரைகளில் வரும் இதே அமைப்பை நினைவில் கொண்டு பலரும் அதை ஒப்பிட்டு எழுதியிருக்கின்றனர். ஒப்புமை கவர்ச்சியானது, அதைக் கொண்டு தொடர்பை நிறுவிவிட முடியாது.

பார்சுவில் உருவங்கள் உத்தேசப் பட்டியலில் ஏறிய அதே ஆண்டில்தான் சுத்திகரிப்பு ஆலைக்கும் அந்த நிலம் பேசப்பட்டது. ஆண்டுக்கு 6 கோடி டன் கொள்ளளவுள்ள ஆலைக்காக 2017இல் ரத்னகிரி சுத்திகரிப்பு மற்றும் பெட்ரோ கெமிக்கல் நிறுவனம் அமைக்கப்பட்டது. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகியவை அதன் பங்குதாரர்கள். பின்னிரண்டும் மாகுலில் ஏழு பத்தாண்டுகளாக இயங்கும் ஆலைகளின் உரிமையாளர்கள். முதலில் தேர்ந்த நாணார் ஊரார் எதிர்ப்பால் 2019இல் கைவிடப்பட்டது. 2022 ஜனவரியில் மாநில அரசு ராஜாபூர் வட்டத்தின் பார்சுப் பகுதியை மாற்றிடமாக மத்திய அரசுக்குப் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் மண் பரிசோதனைக்கு வந்த குழுவை ஊர்ப் பெண்கள் பீடபூமியில் படுத்து மறித்தனர். காவல்துறை கண்ணீர்ப்புகை வீசியது, பலரைக் கைது செய்தது. அவர்களுடைய முதல் கவலை மாந்தோப்பும் மீன்பிடியும் குடிநீரும். செதுக்கல்களும் அவர்களின் வாதத்தில் இடம்பெற்றன. மேல்தட்டுத் தொல்லியல் ஆர்வம் மக்கள் போராட்டத்தைப் பயன்படுத்திக்கொள்கிறது என்றொரு குற்றச்சாட்டு அப்போது எழுந்தது. நடந்தது இதற்கு நேர்மாறானது. தங்கள் தரையில் இருப்பது என்னவென்று அந்த ஊரார் முன்பே அறிந்திருந்தனர். தொல்லியலாரை அங்கே அழைத்துச் சென்றதே அவர்கள்தாம்.

செதுக்கல் உள்ள இடத்தை மட்டும் வேலியிட்டு விட்டுவிட்டால் போதாதா என்பது இத்தகைய திட்டங்களில் வழக்கமாக எழும் சமாதானம். மீட்டர் கணக்கில் சிந்திக்கும் சட்டத்தின் குரல் அது. வேலி புல்டோசரைத் தடுக்கும். செம்புறைக்கல் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளாலான நுண்துளைகள் நிறைந்த கல். பசால்ட்டைக் காட்டிலும் மென்மையானது. மூவாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் கொங்கணத்தில், தரையில் படுத்துக்கிடக்கும் உருவத்தின் மேல் நீர் வழிவதோடு தேங்கவும் செய்யும். முருஜுகாவின் பாறைகள் வறண்ட வெளியில் நிமிர்ந்து நிற்பவை. அமில மழை அவற்றுக்கே ஊறு செய்யும் என்றால், இப்பீடபூமியின் குழிந்த கோடுகளில் தேங்கும் நீர் என்ன செய்யும் என்ற கேள்வியை வேதியியல் துறைகள் இப்போதே எடுத்துக்கொள்ள வேண்டும்.

உரிமை கோருவோர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முருஜுகாவில் கீறல்களின் சார்பாகப் பேசச் சட்டப்படி அறியப்பட்ட குடிகள் இருக்கின்றன. இந்தியாவில் அவ்வாறு அறிந்தேற்கப்பட்ட தொல்குடி உரிமை பாறைக் கலைக்கு இல்லை. நீலகிரியின் வெள்ளரிக்கொம்பை எழுத்துப்பாறையோடு குறும்பர்களுக்கு உள்ள தொடர்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆனால், அப்பாறையின் தலைவிதியைத் தீர்மானிக்கும் கூட்டம் ஒன்று நடந்தால் குறும்பருக்கு அதில் நாற்காலி போடப்படும் என்பதற்குச் சட்டத்தில் உறுதி இல்லை. கொங்கணத்தில் செதுக்கியவர்களின் நேர் வழித்தோன்றல்கள் என்று எவரையும் சுட்டவும் முடியாது. ஆகையால், அங்கே பேசும் தகுதி அந்த நிலத்தில் வாழ்ந்து அதைக் காட்டிக்கொடுத்த ஊராருக்கே உரியது. மாகுலின் கோளிகள் தங்கள் நுரையீரலுக்காக நீதிமன்றம் போனதைப் போல, அவர்கள் தங்கள் தரைக்காகப் போக நேரலாம். போகும்போது கையில் என்ன இருக்கும் என்பதுதான் கேள்வி.

அதற்கான விடை இப்போது கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. பார்சுவில் இன்னும் புகைபோக்கி எழவில்லை. முருஜுகாவிலும் டிராம்பேயிலும் தவறிப்போன வாய்ப்பு இங்கே திறந்தே இருக்கிறது: மதுராவில் செய்ததைப் போல, ஆலை வருமுன் அளந்து வைப்பது. ஒவ்வொரு உருவத்தின் கோட்டின் ஆழமும் அகலமும், கல் பரப்பின் நிறமும் அமிலத்தன்மையும், நுண்துளைகளின் அளவும், மழைநீரின் வேதியியலும், காற்றிலுள்ள கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகளின் பருவவாரி அளவும் தேதியோடு பதிவாக வேண்டும். பீடபூமியிலிருந்து வெகு தொலைவில், ஆலைப் புகை எட்டாத இடங்களிலும் இதே அளவுகள் எடுக்கப்பட வேண்டும். கஷேலியும் உக்ஷியும் குடோபியும் ஒப்பீட்டுக்கு இருக்கின்றன. ஆளில்லா விமானங்கள் கொண்டு எடுத்த படங்கள் இப்போதே உள்ளன. படம் கோட்டைக் காட்டும். கல்லின் வேதியியலை அது காட்டாது.

இத்தகைய அளவீட்டை யார் செய்வது என்பது சிறு விஷயமன்று. ஆலையின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைக்காக, ஆலை நிறுவனம் பணம் தந்து, ஒரு பருவத்தில் எடுக்கும் அளவு நீதிமன்றத்தில் யாருக்கு உதவும் என்பதை முருஜுகாவின் வரலாறு சொல்லிவிட்டது. இரண்டு மூன்று பருவச் சுழற்சிகள், பொதுப் பல்கலைக்கழகங்களின் நிலவியல், வேதியியல், தொல்லியல் துறைகள் சேர்ந்து, மூல அளவுகளை எவரும் பார்க்கும்படி வெளியிட்டு நடத்த வேண்டிய பணி அது. பெரும் செலவு பிடிப்பதும் அன்று. மும்பைப் பல்கலைக்கழகத்திலிருந்து ரத்னகிரி ஓர் இரவு ரயில் தூரம்.

அளப்பதற்குரிய காலமும் வரையறைக்குட்பட்டது. ஜூனில் மழை இறங்கியதும் பீடபூமி முழுதும் புல்லும் சிறுபூக்களும் மூடிக்கொள்ளும். உருவங்களின் மேல் நீர் நிற்கும். புல் காய்ந்து, தரை வெளிப்பட்டு, புலிகளுக்கு நடுவே நிற்பவனின் கோடுகள் தெளிவாகத் தெரியும் காலம் நவம்பர் முதல் மே வரை.